பித்தளைக்கு வயது எங்கே தெரியும்?

போன மாதம் ஆபீஸ் தோழி ஒருத்தி மும்பையின் பழம்பொருள் சந்தையான சோர் பஜாரில் ஒரு குத்துவிளக்கு வாங்கி வந்தாள். நூறு வருஷப் பழசு, தமிழ்நாட்டுப் பழைய வீட்டிலிருந்து வந்தது என்று கடைக்காரர் சொன்னாராம். விலை 18,000 ரூபாய். முழுக்கக் காபிக்கொட்டை நிறம், மடிப்புகளில் பச்சைக் களிம்பு. தூக்கி அடிப்பக்கத்தைத் தடவிப் பார்த்தேன். கடைசல் கோடுகள் நேற்றுப் போட்டவை மாதிரி விரலில் உறுத்தின. மனசு கஷ்டமாகிவிட்டது.

மாதுங்காவில் எங்கள் வீட்டிலும் ஒரு விளக்கு இருக்கிறது. பாட்டி திருநெல்வேலியிலிருந்து ரயிலில் மடியில் வைத்துக் கொண்டுவந்தது. வியாழக்கிழமை சாயங்காலம் ஆனால் புளி, செங்கல் பொடி, தேங்காய் நார் எடுத்து உட்கார்ந்துவிடுவாள். அவளுக்கு அப்புறம் அம்மா. இன்றைக்கு அந்த விளக்கின் உச்சியில் இருக்கும் அன்னத்துக்குக் கண் இல்லை. அலகு மழுங்கி, சிறகின் வரிகள் கரைந்து, கூழாங்கல் மாதிரி வழவழவென்று இருக்கிறது. ஆனால் நிறம்? பொன்.

இதைத்தான் சொல்ல வந்தேன். நம் வீடுகளில் புழங்கிய பித்தளை கறுத்திருக்காது, தேய்ந்திருக்கும். களிம்பு சேர விடுவதே நமக்கு ஆகாது. உயிரோடு ஒட்டிய ஆணவ மலம் என்ற அழுக்குக்குச் சைவ சித்தாந்தத்தில் செம்பில் களிம்பைத்தான் உவமை சொல்வார்கள். கறுத்த விளக்கு என்றால் பரணில் கிடந்ததாக இருக்கலாம், இல்லையென்றால் யாரோ கறுக்க வைத்திருக்கிறார்கள். கறுக்க வைக்க ஒரு ராத்திரி போதும்.

நானே செய்திருக்கிறேன். பழைய தேக்கு அலமாரிக்குப் புதுப் பித்தளைப் பிடிகள் வாங்கினேன், பளபளப்பு மரத்தோடு ஒட்டவே இல்லை. மேலே வார்னிஷ் பூச்சு இருந்தால் எதுவும் பிடிக்காது. அதனால் முதலில் நெயில் பாலிஷ் அழிக்கும் அசிட்டோனால் துடைத்தேன். அப்புறம் சோப்பு போட்டுக் கழுவி, கையுறையோடுதான் தொட்டேன். விரல் ரேகை பட்டால் அங்கே மட்டும் திட்டாக நிற்கும். வினிகரும் உப்பும் தடவிய பிடியில் பச்சை பூத்தது, ஆனால் சொறி பிடித்த மாதிரி. அவித்த முட்டையை நசுக்கி டப்பாவில் கூடவே வைத்தால் அதிலிருந்து வரும் கந்தகம் செம்பைச் சீக்கிரம் கறுப்பாக்கும். பித்தளையில் துத்தநாகமும் கலந்திருப்பதால் லேசான பழுப்போடு நின்றுவிட்டது. கடைசியில் கைகொடுத்தது அமோனியா. மூடி இறுக்கமான டப்பாவில் ஒரு சின்னக் கிண்ணம் அமோனியா, திரவம் படாமல் மேலே நூலில் கட்டித் தொங்கவிட்ட பிடிகள். காலையில் திறந்தால் நல்ல பழுப்பு. காய்ந்ததும் தேன்மெழுகு தடவித் துடைத்தேன்.

பால்கனியில் வைத்துத்தான் செய்ய வேண்டும், நெடி கண்ணைப் பிடுங்கும். பிளீச்சிங் திரவத்தை அமோனியாவோடும் வினிகரோடும் சேர்க்கவே கூடாது, விஷவாயு வரும். இன்னொன்று, வெள்ளைக்காரர் காலத்தில் இந்தியாவில் மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் வைத்திருந்த பித்தளைத் தோட்டா உறைகள் தானாக விரிசல் விட்டன. குதிரை மூத்திரத்திலிருந்து எழுந்த அமோனியாதான் காரணம் என்பதற்கு 1921-இல்தான் சரியான விளக்கம் வந்தது. அதனால் வளைத்தும் இழுத்தும் செய்த மெல்லிய தகடுகளுக்கு இந்த வழி வேண்டாம். சாப்பாட்டுப் பாத்திரத்துக்கு எந்த வழியுமே வேண்டாம். களிம்பு உடம்புக்கு ஆகாது என்றுதானே உள்ளே வெள்ளீயம் பூசினார்கள்?

அவசரம் இல்லாதவர்கள் பூச்சை மட்டும் எடுத்துவிட்டு ஜன்னலோரம் வைத்துவிடுங்கள். இந்த ஊரின் உப்புக்காற்றும் ஒரு மழைக்காலமும் சேர்ந்து மீதியைப் பார்த்துக்கொள்ளும்.

என் வீட்டு அலமாரியை நான் கறுக்க வைப்பதில் தப்பில்லை. அதையே பாட்டி காலத்துப் பொருள் என்று விற்பது திருட்டு. வாங்கப் போகிறவர்கள் நிறத்தைப் பார்க்காதீர்கள். கை பிடிக்கும் இடம், திரி வைக்கும் முகங்களின் விளிம்பு, அடிப்பாகம், இவற்றைத் தடவிப் பாருங்கள். தேய்மானம் கை பட்ட இடத்தில் அதிகமாகவும் படாத இடத்தில் குறைவாகவும் இருக்கும். அதை ஒரு ராத்திரியில் யாராலும் கொண்டுவர முடியாது.

பிடிகள் போட்டு மூன்று மாதம் ஆகிறது. தினமும் திறக்கும் மேல் இழுப்பறையில் மட்டும், விரல் படும் இடத்தில் மஞ்சள் எட்டிப் பார்க்கிறது. அதை மறுபடி கறுக்க வைக்கப் போவதில்லை.