தோற்றதற்காக வந்த தடை அல்ல

இந்தியாவிடம் 55 ஓட்டங்களுக்குச் சுருண்டதற்காகவே 2023இல் ஐசிசி (சர்வதேச கிரிக்கெட் பேரவை) இலங்கையைத் தடைசெய்தது, மட்டக்களப்பு வெபர் மைதானத்தில்கூட ஆட முடியாமல் போனது என்று வட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. இரண்டுமே தவறு.

நவம்பர் 6ஆம் திகதி விளையாட்டுத்துறை அமைச்சர் கிரிக்கெட் நிர்வாகத்தைக் கலைத்து, முன்னாள் அணித்தலைவர் அர்ஜுன ரணதுங்க தலைமையில் இடைக்காலக் குழுவை நியமித்தார். மறுநாளே மேன்முறையீட்டு நீதிமன்றம் அதை நிறுத்திவைத்தது. அரசின் தலையீடின்றி நிர்வாகம் இயங்க வேண்டும் என்ற விதி மீறப்பட்டதாகவே 10ஆம் திகதி ஐசிசி உறுப்புரிமையை இடைநிறுத்தியது. நிர்வாகம் திருந்த வேண்டும் என்றே நானும் சொல்வேன். அதற்கு வழி கிரிக்கெட் நிர்வாகத்தின் யாப்பைத் திருத்துவது, அமைச்சரின் கடிதம் அல்ல.

ஆட்டம் நிற்கவில்லை. பறிபோனது 19 வயதுக்குட்பட்டோர் உலகக் கிண்ணத்தை நடத்தும் வாய்ப்பு. அது தென்னாபிரிக்காவுக்குப் போனது. நம் பிள்ளைகள் நேரில் பார்த்திருக்க வேண்டிய போட்டி! தடை 2024 ஜனவரி 28இல் நீங்கியது.