ரேடியேட்டர் இல்லாததுக்கு தள்ளுபடி

(ஒரு வீட்டுக்கு பின்னாடி தகர ஷெட். உள்ள தார்ப்பாய் போத்தி ஒரு வண்டி. ஓனர் பேப்பர் எடுத்துட்டு வர்றேன்னு வீட்டுக்குள்ள போயிருக்காரு. மாமா அட்வான்ஸ் கொடுத்து ரெண்டு நாள் ஆச்சு. மாப்ளன்னா மாமா பொண்டாட்டியோட தம்பி, டிங்கரிங் தெரிஞ்சவன். வண்டிய பாத்து "சூப்பர்"னு ஒரே ஒரு வார்த்தை சொல்றதுக்காக மட்டும் கூட்டிட்டு வரப்பட்டவன்.)

மாமா: கண்ண மூடிக்கோ.

மாப்ள: வண்டி பாக்க கூப்பிட்டுட்டு கண்ண மூடுங்குறீங்க. அட்வான்ஸ் கொடுக்கும்போது நீங்க அப்படித்தான் பாத்தீங்களா?

மாமா: (தார்ப்பாய இழுத்து) தா பாரு! ஃபோக்ஸ்வேகன் பீட்டில்! 1962 மாடல்!

மாப்ள: ...இது நிக்குதா, சாஞ்சிருக்கா?

மாமா: தரை மேடு பள்ளம்டா.

மாப்ள: தரை சிமெண்ட் போட்டு மட்டமா இருக்கு மாமா. சரி, அக்காவுக்கு தெரியுமா?

மாமா: ஏன் எடுத்ததும் அபசகுனமா பேசுற. அவகிட்ட மெதுவா சொல்லலாம். அவ இன்னும் அந்த டியூஷன் போர்டு காணாம போனதையே மறக்கல, 12 வருஷமாச்சு, நான்தான் கழட்டி பழைய இரும்புக்கு போட்டுட்டேன்னு போன வாரம் கூட சொல்லிக்காட்டுனா. நானே தகடு வாங்கி நானே என் கையால பெயிண்ட் அடிச்சு மாட்டுன போர்ட நானே எதுக்குடா பழைய இரும்புக்கு போடுறேன்?

மாப்ள: விடுங்க மாமா, அதெல்லாம் எப்பவோ நடந்தது. வண்டிய பாப்போம்.

மாமா: பாரு. ஆனா ஒண்ணு, எல்லாம் பேசி முடிச்சுட்டேன். உங்க மாமன ஏமாளின்னு நினைச்சுக்காத. எப்படி கொறைச்சேன் தெரியுமா? வண்டி மொத்தமும் தேடுனேன், முன்னாடி பாத்தேன், பின்னாடி பாத்தேன், ரேடியேட்டரே இல்ல! யாரோ கழட்டி வித்துட்டான். ஓனர்கிட்ட மூஞ்சிக்கு நேரா கேட்டேன். மனுஷன் அப்படியே தலைய குனிஞ்சுட்டாரு. தோளு ரெண்டும் குலுங்குச்சு, அழுதுட்டாருன்னு நினைக்கிறேன். உடனே கொறைச்சுக்கிட்டாரு.

மாப்ள: மாமா.

மாமா: ம்?

மாப்ள: தண்ணி வச்சு இஞ்சின ஆத்துற வண்டிக்குத்தான் ரேடியேட்டர். பீட்டிலுக்கு அது கிடையவே கிடையாது. ஏர் கூலிங். ஃபேன் வச்சு இஞ்சின் மேல காத்தடிச்சு சூட்ட இறக்குற வண்டி.

மாமா: ...அப்ப அவரு அழல.

மாப்ள: அழல.

மாமா: இருந்தாலும் கொறைச்சாருல்ல?

மாப்ள: இல்லாத ரேடியேட்டருக்கு கொறைச்சாருன்னா இருக்குற ஓட்டைக்கு எவ்ளோ ஏத்தி வச்சிருந்தாருன்னு யோசிங்க. (பின்னாடி மூடிய தூக்கி இஞ்சின தொட்டு பாத்து) சுடுது.

மாமா: நாம வர்றோம்னு காலையிலயே ஸ்டார்ட் பண்ணி வச்சிருந்தாராம். பாசமான மனுஷன்.

மாப்ள: பாசமும் இல்ல ஒண்ணும் இல்ல. பழைய வண்டி வாங்கப்போனா இஞ்சின் ஆறி இருக்கணும், நம்ம கண்ணு முன்னாடி பச்சத்தண்ணி மாதிரி இருந்து ஸ்டார்ட் ஆகணும், அப்பதான் அது எத்தன தடவ இருமுது, என்ன கலர்ல புகை விடுதுன்னு தெரியும், முன்னாடியே சூடு பண்ணி வச்சா எந்த வண்டியும் நல்ல புள்ளையாதான் இருக்கும்.

மாமா: நீ ஆரம்பத்துலேர்ந்தே ஒரு முடிவோடதான் வந்திருக்க.

மாப்ள: (கீழ குனிஞ்சு இஞ்சின் புல்லிய, அதாவது பெல்ட் ஓடுற சக்கரத்த, ரெண்டு கையால புடிச்சு முன்னும் பின்னும் ஆட்டி) ம். பரவால்ல. ஆட்டம் பெருசா இல்ல.

மாமா: அது என்ன வைத்தியம்?

மாப்ள: இந்த புல்லி சுத்தலாம், முன்ன பின்ன ஆடக்கூடாது. 0.07லேர்ந்து 0.13 மில்லிமீட்டர் வரைக்கும்தான் கணக்கு, அது கைக்கே தெரியாது. டக்கு டக்குன்னு சத்தம் வந்தா உள்ள கிராங்க் கேஸ், அதான் இஞ்சினோட கூடு, தேஞ்சு போச்சுன்னு அர்த்தம். நிஜமான அளவு மீட்டர் வச்சுதான் பாக்கணும், ஆனா காசு கொடுக்குறதுக்கு முன்னாடி கை வைத்தியம் போதும்.

மாமா: ஆக இஞ்சின் நல்லா இருக்கு! நான் சொல்லல?

மாப்ள: இஞ்சின் நல்லா இருந்து என்ன பண்ண? இந்த வண்டியில இஞ்சின்தான் மாமா ரொம்ப சுலபம். ஒயரு, பெட்ரோல் ஹோஸ், ஆக்சிலேட்டர் கேபிள் எல்லாத்தையும் கழட்டிட்டு நாலு போல்ட்ட எடுத்தா கையில வந்துரும். ஸ்பேரும் கிடைக்கும், 1938லேர்ந்து 2003 வரைக்கும் தயாரிச்ச மாடல் இது, கடைசி வண்டி மெக்ஸிகோவுல பியூப்லா ஃபேக்டரியில இறங்குச்சு, மொத்தம் 2 கோடியே 15 லட்சத்துக்கும் மேல.

மாமா: அதத்தான் நானும் யோசிச்சேன். ஸ்பேர் கிடைக்காத அபூர்வ வண்டிய எடுத்து எவன் அல்லாடுறது.

மாப்ள: அது ஒண்ணு மட்டும் நல்லா யோசிச்சீங்க, ஒத்துக்குறேன். ஆனா காச முழுங்குறது பாடி. துரு. இஞ்சின் போச்சுன்னா ஒரு செலவு, பாடி போச்சுன்னா எவ்ளோ செலவுன்னு வெட்டி பாக்குறவரைக்கும் தெரியாது, வெட்டுனதுக்கு அப்புறமும் தெரியாது. (பாக்கெட்டுலேர்ந்து ஃபிரிட்ஜ் காந்தம் ஒண்ண எடுக்குறான்)

மாமா: அது எங்க வீட்டு ஃபிரிட்ஜ் காந்தம்டா!

மாப்ள: திருப்பி வச்சிருவேன். இத மெல்லிசா துணியில சுத்தி பாடியில வைக்கணும். தகடு இருந்தா ஒட்டும், பட்டி, அதான் ஓட்டைய மறைக்க பூசுற பேஸ்ட், இருந்தா... (காந்தம் கீழ விழுது)

மாமா: துணி கனமா இருக்கு.

மாப்ள: (வேற இடத்துல வைக்குறான், விழுது)

மாமா: காந்தம் பழசுடா, வீட்டுலயே கரண்ட் பில்ல தாங்காது.

மாப்ள: (இன்னொரு இடம், விழுது) மாமா இது கார் இல்ல, கார் ஷேப்புல பட்டி. எவன் மாமா இந்த வேலைய பாத்தவன்? நான் தொழில் கத்துக்கிட்ட ஷெட்டுல பட்டி டப்பாவ தொட்டாலே எங்க வாத்தியார் கையில இருக்குற ஸ்பேனர் பறந்து வரும். துருவ வெட்டி எடு, புதுத் தகடு வை, வெல்டிங் வச்சு பத்த வை, அப்புறம்தான் பட்டி, அதுவும் மெல்லிசா. இவன் என்னடான்னா செவுரு பூசுற மாதிரி பூசியிருக்கான். மனசாட்சி இல்லாதவன்.

மாமா: வாய கட்டுடா, ஓனர் காதுல விழப்போகுது.

மாப்ள: விழட்டும். 1962னு சொன்னாருல்ல? முன்னாடி லைட்ட பாருங்க. நிமிந்து நிக்குது. 62ல பீட்டிலுக்கு லைட்டு மட்கார்டோட சாஞ்சு, மேல கண்ணாடி மூடியோட இருக்கும். இந்த நிமிந்த லைட்டு எல்லாம் 67 பக்கமாதான் வந்துச்சு. ஒண்ணு மட்கார்டு மாத்துனது, இல்ல வருஷம் பொய்.

மாமா: மட்கார்டுதான் மாத்தியிருப்பாங்க. மனுஷன் கூடத்தான் பல்லு கட்டிக்கிறான்.

மாப்ள: சேஸ் நம்பர பாத்தா தெரிஞ்சிரும். பின் சீட்டுக்கு அடியில நடு மேட்டுல அடிச்சிருப்பாங்க, அது பேப்பர்ல இருக்குறதோட ஒத்துப்போகலன்னா அட்வான்ஸ் போனா போகுதுன்னு ஓடிறணும், அப்புறம் வண்டிய பேருக்கு மாத்த முடியாது. நீங்க பாத்தீங்களா?

மாமா: நான் வைப்பர் தண்ணி பாத்தேன்.

மாப்ள: வைப்பர் தண்ணியா!

மாமா: கண்ணாடிக்கு தண்ணி பீச்சுறதுக்கு இதுல மோட்டாரே கிடையாதாம்டா, முன்னாடி வச்சிருக்குற ஸ்டெப்னி டயர்லேர்ந்து காத்து எடுத்து அந்த அழுத்தத்துல பீச்சுமாம்! என்ன மூளைடா அவனுங்களுக்கு! அதக் கேட்டதும்தான் அட்வான்ஸ எடுத்து நீட்டிட்டேன்.

மாப்ள: நிஜந்தான். பீச்சி காட்டுனாரா?

மாமா: ஸ்டெப்னில காத்து இல்ல.

மாப்ள: (பெருமூச்சு) சரி, கதவ திறங்க. மேல தூக்குனா ஆடுதா பாருங்க. மூடும்போது கடைசியா தூக்கி இடிச்சாதான் மூடுது பாருங்க, கதவுக்கு அடியில நீளமா ஓடுதே ஹீட்டர் சேனல், அது போச்சு. இஞ்சின் சூட்டு காத்த முன்னாடி கொண்டு போற குழாயும் அதுதான், பாடியையும் ஃப்ளோரையும் சேத்து புடிக்கிறதும் அதுதான். அது அரிச்சுப்போனா வண்டி நடுவுல தொங்கும். அதான் வந்ததும் கேட்டேன், நிக்குதா சாஞ்சிருக்கான்னு.

மாமா: பட்ஜெட்டுல ஒரு தொகை தனியா வச்சிருக்கேன்டா அதுக்கெல்லாம்.

மாப்ள: அத ரெண்டால பெருக்குங்க.

மாமா: பெருக்கிட்டுதான் சொல்றேன்.

மாப்ள: இன்னொரு தடவ பெருக்குங்க. (ஷெட் மூலையில பாத்து) அந்த மூணு அட்டப்பெட்டி என்ன?

மாமா: வண்டியோட மிச்ச பார்ட்ஸ். எல்லாமே இருக்குன்னாரு.

மாப்ள: (ஒரு பெட்டிய கிளறி) எல்லாமே இருக்கு. ஒரு சைக்கிள் பெல் கூட இருக்கு. எது எங்க போகணும்னு ஒரு சீட்டு இல்ல, கழட்டும்போது எவனும் ஒரு போட்டோ எடுக்கல, இந்த நட்டுங்கள சேக்குறதுக்குள்ள உங்க பையனுக்கு கல்யாணம் ஆயிரும்.

மாமா: அவன் ரெண்டாவதுதான்டா படிக்கிறான்.

மாப்ள: தெரிஞ்சுதான் சொன்னேன். (சாவியால கதவு ஓரத்துல மெதுவா சுரண்டுறான்) மேல நீலம். அடியில வெள்ளை. ஆக ஒரு தடவ பெயிண்ட் மாத்தியாச்சு. அதுக்கும் அடியில... மஞ்சள்.

மாமா: மஞ்சள்னா என்ன? ஒரிஜினல் கலரா?

மாப்ள: ...இல்ல. சும்மா. மஞ்சள்.

மாமா: ஏன்டா குரல் இறங்குது?

மாப்ள: ஒண்ணும் இல்ல மாமா. ஊருல எத்தனையோ மஞ்ச பீட்டில் இருக்கும். பின் சீட்ட தூக்குவோம். (தூக்குறான்) வலது பக்கம் பேட்டரி உக்காரும், பேட்டரி ஆசிட் சொட்டி சொட்டி ஃப்ளோர் முதல்ல ஓட்டையாகுறது இங்கதான், எல்லா பீட்டிலுக்கும் உள்ள வியாதி. இங்க... ஓட்டை இல்ல. பழைய பேட்ச் ஒண்ணு போட்டிருக்கு.

மாமா: காந்தத்த வையேன்.

மாப்ள: (வைக்குறான். டக்குனு ஒட்டுது)

மாமா: ஒட்டுச்சு! ஒட்டுச்சுடா! பாத்தியா, வேலை தெரிஞ்சவன் ஒருத்தன் கை வச்சிருக்கான்!

மாப்ள: (தயங்கி) ஆமா மாமா. நல்ல வேலைதான். வெல்டிங் கூட... பையன் புதுசுன்னு தெரியுது, ஆனா ஆர்வமா பண்ணியிருக்கான். இத்தன வருஷம் ஆசிட்டுக்கு தாங்கியிருக்குல்ல. நாம இதோட நிறுத்திக்கலாமே, அடியில எல்லாம் பாக்க வேணாம்.

மாமா: இவ்ளோ நேரம் மனசாட்சி இல்லாதவன்னு சொன்ன?

மாப்ள: அது வேற ஆளு. பட்டி போட்டவன். அவன் பின்னாடி வந்தவன்.

மாமா: உனக்கு எப்படிடா தெரியும் யாரு முன்னாடி யாரு பின்னாடின்னு? (போன் டார்ச்ச அடிச்சுக்கிட்டு தரையில படுத்து வண்டிக்கு அடியில நகர்றாரு)

மாப்ள: மாமா சட்டை அழுக்காகும். மாமா முதுகு புடிச்சுக்கும். மாமா ஓனர் வர்றாரு.

மாமா: (அடியிலேர்ந்து) வரட்டும். இங்க தகட்டுல என்னமோ எழுதியிருக்குடா. பெயிண்ட் பாதி போச்சு... "ஐந்து முதல்... பத்து வரை"...

மாப்ள: கம்பெனியில அப்படி ஏதாவது போட்டு அனுப்புவாங்க.

மாமா: ஜெர்மன்காரன் தமிழ்ல போட்டு அனுப்புவானா? "கனக்கு, அறிவியல்... சொல்லித் தரப்படும்"... கனக்கு. ரெண்டு சுழி ன.

(அமைதி)

மாமா: ரெண்டு சுழி ன போட்டு கல்யாணமான மூணாவது மாசம் உங்கக்காகிட்ட ஒரு வாரம் வாங்கிக்கட்டிக்கிட்டவன் நான். டியூஷன் எடுக்குற வீட்டு வாசல்லயே தப்பான்னு. இது என் கையெழுத்துடா!

மாப்ள: மாமா, வெளிய வாங்க பேசிக்கலாம்.

மாமா: இப்படியே பேசு. நான் வெளிய வந்தா அடிச்சிருவேன்.

மாப்ள: வாத்தியார் தகடு வாங்க காசு கொடுத்தாரு மாமா. அத நான் செலவு பண்ணிட்டேன். மறுநாள் காலையில மஞ்ச வண்டி டெலிவரி. ராத்திரி வீட்டுக்கு வந்தா வாசல்ல போர்டு தொங்குது, தகட்டு கனமும் கரெக்டா இருந்துச்சு... அளவு கூட வெட்டவே வேண்டியதில்ல மாமா, அப்படியே உக்காந்துச்சு.

மாமா: 12 வருஷம்! 12 வருஷமா நான் இரும்பு வியாபாரின்னு பேரு வாங்கியிருக்கேன், நீ பக்கத்துல உக்காந்து "பாவம்க்கா, மாமா மறந்திருப்பாரு"ன்னு எனக்கு சப்போர்ட் வேற பண்ணுன!

மாப்ள: ஓனர் நிஜமாவே வர்றாரு மாமா. எழுந்திருங்க. ஃப்ளோர் போச்சுன்னு சொல்லி இன்னும் கொறைப்போம், இல்லன்னா அட்வான்ஸ வாங்கிட்டு போயிருவோம். நான் பேசுறேன்.

மாமா: (வெளிய வந்து சட்டைய தட்டிக்கிட்டு, ரொம்ப நிதானமா) எதுக்கு போகணும்? ஃப்ளோர் வேலை செஞ்சவன் இருக்கான், அவனே வெட்டி எடுத்து புதுத் தகடு வச்சு பத்த வப்பான். ஹீட்டர் சேனலும் அவனே பாப்பான். கூலி கிடையாது. சேஸ் நம்பர் மட்டும் பேப்பரோட ஒத்துப்போகட்டும், இன்னிக்கே எடுக்குறோம்.

மாப்ள: அது சரி. அக்காகிட்ட வண்டிய யாரு சொல்றது?

மாமா: நீதான். நேரா போயி, அக்கா, உன் போர்டு கிடைச்சிருச்சுன்னு சொல்லு.

மாப்ள: எங்கடான்னு கேட்டா?

மாமா: வாசல்ல நிக்குது, கூட ஒரு கார் ஒட்டிக்கிட்டு வந்துருச்சுன்னு சொல்லு.