பிரிட்டனின் பக்கிப் பறவை ஆபத்தைக் கடந்துவிட்டதா?

"பிரிட்டனில் பக்கி முழுசா மீண்டுவிட்டது, சிவப்புப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டார்கள், இனி தடை எதுவும் இல்லை" என்று ஒரு வாட்ஸ்அப் தகவல் சுற்றுகிறது. இதில் பாதிதான் உண்மை. சிவப்புப் பட்டியல் என்பது, பாதுகாப்புக் கவலை மிக அதிகமுள்ள பிரிட்டன் பறவைகளின் பட்டியல்.

கோடையில் ஆப்பிரிக்காவிலிருந்து வந்து முட்டையிடும் இந்த இரவுப் பறவை, 2015இல் சிவப்பிலிருந்து அம்பர் பட்டியலுக்கு மாறியது. 2021 மதிப்பீட்டிலும் அங்கேயேதான் இருக்கிறது. அம்பர் என்றால் நடுத்தரக் கவலை என்று பொருள். கவலை மிகக் குறைவான பறவைகளுக்கான பச்சைப் பட்டியல் வேறு.

1992இல் சுமார் 3,400 ஆண் பறவைகள் கணக்கிடப்பட்டன. 2004இல் சுமார் 4,600. ஊசியிலைத் தோப்புகளை வெட்டிய இடங்களும், சீரமைத்த புதர்வெளிகளும் இதற்குக் கைகொடுத்தன. ஆனால் நட்ட கன்று வளர்ந்து நெருங்கினால் அந்த இடம் பக்கிக்கு உதவாது. எண்ணிக்கை கூடிய அளவுக்கு வாழிடப் பரப்பு விரியவில்லை. ஸ்காட்லாந்திலும் வடமேற்கு இங்கிலாந்திலும் குறையவே செய்தது. மொத்தத் தொகையை மட்டும் பார்ப்பவர்கள் தவறவிடுவது இதைத்தான்.

"தடை இல்லை" என்பது அப்பட்டமான பொய். 1981 வனவிலங்குச் சட்டப்படி, பயன்பாட்டில் உள்ள கூட்டை வேண்டுமென்றே சேதப்படுத்துவது குற்றம். பக்கி வெறுந்தரையில் இரண்டு முட்டைதான் இடும். அவிழ்த்துவிட்ட நாய் அதைக் கிளப்பிவிட்டால், காத்திருக்கும் காகத்துக்கு விருந்து. இங்கிலாந்தில் பொது அனுமதியுள்ள திறந்தவெளிகளில் மார்ச் 1 முதல் ஜூலை 31 வரை நாயை 2 மீட்டருக்கு மிகாத கயிற்றில் பிடித்திருக்க வேண்டும்.

பிரிட்டிஷ் பறவையியல் அறக்கட்டளையின் இணையதளத்தில் பக்கி இப்போது எந்த நிறப் பட்டியலில் இருக்கிறது என்று பார்க்கலாம். அந்த வாட்ஸ்அப் தகவலைத் தயவுசெய்து மேலும் பகிர வேண்டாம்.