'மஸ்ட் நாட்' வேறு, 'டோன்ட் ஹேவ் டு' வேறு

ஆங்கிலத்தில் 'மஸ்ட்' (must), 'ஹேவ் டு' (have to) இரண்டுக்கும் 'வேண்டும்' என்றுதான் பொருள், எதை வேண்டுமானாலும் போடலாம் என்கிறது ஆங்கில இலக்கணம் பற்றிய ஒரு கட்டுரை. நேர்மறை வாக்கியத்தில் பெரும்பாலும் சரிதான். 'நாட்' சேர்ந்ததும் கதையே மாறிவிடும். 'யூ மஸ்ட் நாட் கம்' என்றால் வரக் கூடாது. 'யூ டோன்ட் ஹேவ் டு கம்' என்றால் வரத் தேவையில்லை, வந்தாலும் குற்றமில்லை. "சிரமப்பட்டு வர வேண்டாம்" என்று கனிவாகச் சொல்ல நினைத்து முதலாவதை மெயிலில் அனுப்பினால், படிப்பவருக்கு அது தடை உத்தரவு!

இறந்தகாலத்தில் இன்னும் சிக்கல். கடமைப் பொருளில் 'மஸ்ட்'டுக்கு இறந்தகாலம் கிடையாது. 'நேற்று போக வேண்டியிருந்தது' என்பதற்கு 'ஐ ஹேட் டு கோ'தான். 'மஸ்ட் ஹேவ்' போட்டால் அது ஊகமாகிவிடும். இங்கே நம்மை இடறவிடுவது தமிழேதான். 'அவர் கிளம்பியிருக்க வேண்டும்' என்ற ஒரே வாக்கியம் நமக்கு இரண்டு வேலை பார்க்கிறது. வாசலில் வண்டியைக் காணோம், அதனால் கிளம்பியிருப்பார் என்றால் 'ஹி மஸ்ட் ஹேவ் லெஃப்ட்'. கிளம்பாமல் இருந்தது தப்பு என்றால் 'ஹி ஷுட் ஹேவ் லெஃப்ட்'. எழுதும் முன் "ஆள் கிளம்பினாரா, இல்லையா?" என்று கேட்டுப் பாருங்கள், கிளம்பவில்லை என்று தெரிந்தால் 'ஷுட்'. 'கிளம்பியிருக்க முடியாது' என்ற ஊகத்துக்கு 'கேன்ட் ஹேவ் லெஃப்ட்'.

'மஸ்ட் டு கோ' என்று அந்தக் கட்டுரைக்கு வந்த கருத்துகளில் சிலர் எழுதியிருக்கிறார்கள். 'மஸ்ட்', 'கேன்', 'ஷுட்' எதற்குப் பின்னும் 'டு' வராது. இந்த வகைச் சொற்களில் 'ஆட்' (ought) மட்டும் 'டு' கேட்கும்.