நிமோனியா தடுப்பூசி ஏஆர்டி மையத்துக்கும் வர வேண்டும்

எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு, நிமோனியாவை உண்டாக்கும் நிமோகாக்கஸ் கிருமிக்கான நிமோகாக்கல் தடுப்பூசியை, அவர்கள் மாத்திரை வாங்கும் ஏஆர்டி மையத்திலேயே இலவசமாகப் போட வேண்டும். நம் பக்கத்தில் இதை யாரும் பேசுவதாகவே தெரியவில்லை.

2004 ஏப்ரலில் எச்.ஐ.வி.க்கான கூட்டு மருந்தை (ஏஆர்டி) அரசு இலவசமாகக் கொடுக்கத் தொடங்கியது. லாரித் தொழிலை நம்பிய நாமக்கல் பகுதி இந்த நோயால் பட்ட பாட்டை அறிந்தவர்களுக்கு அதன் அருமை புரியும். எங்கள் சொந்தத்தில் ஒரு அண்ணன் எலும்பும் தோலுமாகக் கிடந்து, அந்த மாத்திரையால் தேறி, மறுபடியும் தறிக்கு வேலைக்குப் போனார். மாத்திரையைத் தவறவிடாத அவரைத்தான் போன மார்கழியில் நிமோனியா சாய்த்துவிட்டது. நல்லவேளை, பிழைத்துக்கொண்டார்.

கூட்டு மருந்து எடுப்பவர்களுக்கும் நிமோகாக்கஸ் கிருமியின் கடுமையான தாக்குதல் மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகம். அது நுரையீரலோடு நிற்காது; ரத்தத்திலும் மூளையுறையிலும் புகுந்துவிடும். பீடிப் பழக்கமும் இருந்தால் கேட்கவே வேண்டாம்.

தடுப்பூசி இவர்களிடம் வேலை செய்யுமா என்பது நியாயமான கேள்வி. 2000-இல் வெளியான உகாண்டா ஆய்வில், கிருமியின் சர்க்கரை உறையை மட்டும் கொண்ட, 23 கிருமி வகைகளுக்கான ஊசி பலன் தரவில்லை. அந்த உறையைப் புரதத்தோடு இணைத்துச் செய்த ஊசியை மலாவியில் சோதித்தார்கள். ஒருமுறை தாக்கப்பட்டுப் பிழைத்தவர்களுக்கு, ஊசியில் அடங்கிய வகைகளால் நோய் திரும்ப வருவது 74 சதவீதம் குறைந்தது. அந்த முடிவு வந்தது 2010-இல்! இன்றைய பரிந்துரைகளில் இணைப்பு ஊசிக்கே முதலிடம்.

அதே இணைப்பு ஊசியைத் தமிழ்நாட்டில் 2021 முதல் கைக்குழந்தைகளுக்கு ஆறாவது வாரம், பதினான்காவது வாரம், ஒன்பதாவது மாதம் என்று அரசே போடுகிறது. பெரியவர்கள் வெளியில் ஆயிரக்கணக்கில் செலவழிக்க வேண்டும். சனிக்கிழமைச் சம்பளத்தில் வாரத்தை ஓட்டும் பனியன் கம்பெனித் தொழிலாளியால் முடிகிற காரியமா?

பணத்தைவிடப் பெரிய தடை ஒன்று இருக்கிறது. தெரிந்தவர் கண்ணில் படக்கூடாது என்று, பக்கத்தில் மையம் இருந்தும் அடுத்த மாவட்டத்துக்கு பஸ் ஏறிப் போய் மாத்திரை வாங்குகிறவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்கள் உள்ளூர் கிளினிக்கில் இந்த ஊசியைக் கேட்டால், "இந்த வயதில் உங்களுக்கு எதற்குங்க?" என்று நாலு பேர் முன்னால் கேள்வி வரும். நோயாளியின் நிலையை வெளியே சொல்லக் கூடாது என்று 2017-ஆம் ஆண்டு எச்.ஐ.வி. சட்டம் சொல்கிறது. ஆனால் அந்தக் கேள்விக்கு முன்னால் வாயடைத்து நிற்பவருக்குச் சட்டம் எப்படித் துணைக்கு வரும்? ஏஆர்டி மையத்தில் மாத்திரையோடு ஊசியும் கிடைத்தால் அந்தக் கேள்விக்கே இடமில்லை.

அதுவரை, அடுத்த முறை மாத்திரை வாங்கப் போகும்போது மருத்துவரிடம் நீங்களே கேளுங்கள். இது உயிருள்ள கிருமியால் செய்த ஊசி அல்ல. சிடி4 எண்ணிக்கை (ரத்தத்தில் உள்ள நோய் எதிர்ப்பு அணுக்களின் அளவு) 200-க்குக் கீழே இருந்தாலும் இணைப்பு ஊசியைத் தள்ளிப்போட வேண்டியதில்லை. 13 அல்லது 15 வகை இணைப்பு ஊசி போட்டபின் 23 வகை ஊசியும் போடுவதானால், நடுவில் குறைந்தது எட்டு வாரம் இடைவெளி வேண்டும். போட்ட தேதியையும் ஊசியின் பெயரையும் மருத்துவச் சீட்டில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.