ஒற்றையடிப்பாதையில் நிற்க வேண்டியவர் சைக்கிள்காரர்தான்

மலைப்பாதையில் சைக்கிள் ஓட்டுகிறவர்களுக்கும் நடக்கிறவர்களுக்கும் வருகிற தகராறு பலவற்றுக்கும் அடியில் ஒரு சின்ன அளவுக் கணக்கு இருக்கிறது. ஒற்றையடிப்பாதையின் அகலம் பல இடங்களில் 45 முதல் 60 சென்டிமீட்டர்தான். இப்போது வரும் மவுண்டன் பைக்குகளின் ஹேண்டில்பார் 76 முதல் 80 சென்டிமீட்டர். பாதையை விட வண்டி அகலம். எதிரெதிரே இருவர் வந்தால் யாராவது ஒருவர் ஒதுங்கியே ஆக வேண்டும். அது சைக்கிள்காரராகத்தான் இருக்க வேண்டும், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. "ரெண்டு பேரும் கொஞ்சம் அனுசரிச்சுப் போகலாமே" என்பது கேட்க நியாயமாக இருக்கும். ஆனால் வேகம் ஒருவரிடம் மட்டும்தானே இருக்கிறது?

இது புதிதாக நான் சொல்வதல்ல. இங்கிலாந்தில் 1968-ஆம் ஆண்டுச் சட்டம் குதிரைப் பாதைகளில் சைக்கிளை அனுமதித்தபோதே, நடப்பவர்களுக்கும் குதிரையில் வருபவர்களுக்கும் வழிவிட வேண்டும் என்று சேர்த்தே எழுதியது. மவுண்டன் பைக் பிறந்த இடமான கலிஃபோர்னியாவின் மரின் கவுண்டியில், காட்டுச் சாலைகளில் மணிக்கு 15 மைல்தான் உச்சவரம்பு. ஆட்களைக் கடக்கும்போதும் மறைவான வளைவிலும் 5 மைல், அதாவது 8 கிலோமீட்டர். வேகநடையை விடக் கொஞ்சம்தான் அதிகம்.

ஏன் இவ்வளவு கண்டிப்பு? மணிக்கு 25 கிலோமீட்டர் என்றால் விநாடிக்கு ஏறக்குறைய 7 மீட்டர். ஆளைப் பார்த்து விரல் பிரேக்கை அழுத்த ஒரு விநாடி, அதற்குள் 7 மீட்டர் போய்விடும். உதிர்மண் இறக்கத்தில் வண்டி நிற்க இன்னும் 8 மீட்டராவது வேண்டும். மொத்தம் 15 மீட்டர். அதையே 15 கிலோமீட்டர் வேகத்தில் வந்தால் ஏறக்குறைய 7 மீட்டரில் நின்றுவிடலாம். ஆகவே கண்ணுக்குத் தெரிகிற பாதையின் பாதித் தூரத்துக்குள் நிற்க முடிகிற வேகம்தான் சரியான வேகம். ஏன் பாதி? எதிரே வருவதும் ஒரு சைக்கிளாக இருந்தால் மீதிப் பாதி அவருக்கு வேண்டும்.

நிற்பதிலும் ஒரு முறை இருக்கிறது. பின்பிரேக்கை மட்டும் இறுக்கிச் சக்கரத்தைத் தேய்த்து நிறுத்தாதீர்கள். அந்தத் தேய்ப்பு மண்ணில் ஒரு வாய்க்கால் வெட்டுகிறது. அடுத்த மழையில் தண்ணீர் அதற்குள் ஓடிப் பாதையை அரித்துவிடும். உடல் எடையைப் பின்னால் தள்ளி, இரண்டு பிரேக்கையும் முன்கூட்டியே மெதுவாகப் பிடியுங்கள். சரிவை ஒட்டிய பாதையில் மேட்டுப்பக்கக் காலை ஊன்றுங்கள். பள்ளப்பக்கம் தரை தாழ்ந்திருக்கும், ஓரமும் சரியலாம். வண்டியையும் மேட்டுப்பக்கம் சாய்த்தால் நடப்பவருக்குப் பாதை கிடைக்கும். புல்லில் இறங்கி ஓட்டிக்கொண்டே கடப்பது மரியாதை மாதிரித் தெரியும். பத்துப் பேர் அப்படிப் போனால் அங்கே இரண்டாவது பாதை விழுந்துவிடும்.

பின்னாலிருந்து கடப்பதுதான் இதைவிடச் சிக்கல். நடப்பவருக்கு முதுகில் கண் இல்லை. ஐந்து மீட்டரில் மணி அடித்தால் அது அறிவிப்பு இல்லை, அதிர்ச்சி. இருபது முப்பது மீட்டருக்கு முன்பே ஒருமுறை அடித்து, நடை வேகத்துக்கு இறங்குங்கள். திரும்பிப் பார்க்கிறாரா என்று கவனியுங்கள். பார்க்கவில்லை என்றால் வாயால் சொல்லுங்கள்: "வணக்கம்ங்க, பின்னாடி சைக்கிள் வருது, நீங்க ஒதுங்கினதும் போறேன்." வெறுமனே "இடது பக்கம்!" என்று கத்துவதைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். "இடது பக்கமாக வருகிறேன்" என்பது உங்கள் கணக்கு. கேட்பவர் காதில் "இடது பக்கம் போ" என்று விழும், நேராக உங்கள் சக்கரத்துக்கு முன்னால் வந்து நிற்பார். மணி இல்லையென்றால் ஃப்ரீவீல் இருக்கிறது. பெடலை நிறுத்தி வண்டியை உருளவிட்டால் பின்சக்கரம் கடகடவென்று சத்தம் போடும். பெடல் செய்துகொண்டே வந்தால் அந்தச் சத்தமே வராது. இது பலருக்குத் தோன்றுவதில்லை.

பேட்டரி சைக்கிளில் வருபவர்கள் ஏற்றத்தில் இன்னும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். ஏற்றத்தில் பின்னாலிருந்து ஒரு வண்டி மணிக்கு 15 கிலோமீட்டரில் வரும் என்று மூச்சு வாங்கி நடப்பவர் எதிர்பார்க்கவே மாட்டார்.

நடப்பவர்களிடமும் சில வேண்டுகோள்கள் உண்டு. ஒரு காதையாவது இயர்போன் இல்லாமல் வைத்திருங்கள். நாயைக் கூட்டி வந்தால் ஒன்றரை மீட்டர் கயிறு போதும். நீண்டு சுருங்கும் மெல்லிய கயிறு பாதையின் குறுக்கே கிடந்தால் சைக்கிளில் வருபவர் கண்ணுக்குத் தெரியாது. கைத்தடிகளைச் சைக்கிள் கடக்கும் பக்கம் நீட்டாதீர்கள். ஒதுங்க முடிவு செய்தால் எல்லோரும் ஒரே பக்கம் ஒதுங்கி அசையாமல் நில்லுங்கள். பாதி இந்தப் பக்கம், பாதி அந்தப் பக்கம் என்று பிரிந்த பிறகு ஒருவர் தன் கூட்டத்தோடு சேரக் குறுக்கே ஓடுவார் பாருங்கள், மோதல் நடப்பது அங்கேதான். ஏறி வரும் சைக்கிளுக்கு நீங்களாகவே வழிவிட்டால் அவருக்குப் பெரிய உதவி, செங்குத்தில் நிறுத்திய வண்டியை மறுபடி கிளப்புவது கடினம். ஆனால் அது நீங்கள் கொடுக்கும் சலுகை, அவர் உரிமையாகக் கேட்க முடியாது. சேற்றுக் குட்டையைச் சுற்றிப் போகாமல் நடுவிலேயே நடங்கள். சுற்றிப் போகிறவர்களால்தான் பாதை அகன்றுகொண்டே போகிறது. டயர் ஓர் அங்குலத்துக்கு மேல் புதைந்தால் சைக்கிள்காரர் அன்றைக்குத் திரும்பிவிட வேண்டும்.

குதிரை வந்தால் இருவருமே நிற்க வேண்டும். இங்கே மட்டும், ஓரம் உறுதியான இடமாகப் பார்த்து, பள்ளப்பக்கம் இறங்கி நின்று ஏதாவது பேசிக்கொண்டிருங்கள். குரல் கேட்டால்தான் ஹெல்மெட் போட்ட உருவத்தை மனிதன் என்று குதிரை அறியும்.

கூட்டமாக ஓட்டுபவர்கள் பெரும்பாலும் மறப்பது ஒன்று உண்டு. முதல் ஆளுக்கு வழிவிட்டு நடப்பவர் பாதையில் திரும்ப ஏறுவார், அடுத்த வண்டி அவர் மேல் வந்துவிடும். முதலில் வருபவர் "பின்னாடி இன்னும் மூணு பேர் வர்றாங்க" என்று எண்ணிக்கையோடு சொல்ல வேண்டும். அடுத்தவர் "இன்னும் ரெண்டு", அதற்கடுத்தவர் "இன்னும் ஒண்ணு". கடைசியாக வருபவர் "நான்தான் கடைசி, நன்றிங்க" என்று சொல்லிவிட்டுப் போனால், நடப்பவர் தைரியமாகப் பாதையில் கால் வைக்கலாம்.