பெரிய இதழில் வந்தால் உண்மையாகிவிடுமா?

"லான்செட் மருத்துவ ஆய்விதழ்லயே வந்திருக்கு, இம்பாக்ட் ஃபேக்டர் அதிகம், அதனால் இது நிரூபிக்கப்பட்ட உண்மை" என்று ஒரு வாதம் வாட்ஸ்அப்பில் திரும்பத் திரும்ப வருகிறது. இது தவறு.

2020 மே 22 அன்று லான்செட்டில் வந்த ஒரு கட்டுரையை எடுத்துக்கொள்வோம். 671 மருத்துவமனைகள், சுமார் 96,000 கொரோனா நோயாளிகள், ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் கொடுத்தவர்களிடம் இறப்பு அதிகம் என்றது. மூன்றே நாளில் உலக சுகாதார நிறுவனம் தன் சோதனையில் அந்த மருந்தை நிறுத்திவைத்தது. ஆனால் கட்டுரை ஏப்ரல் 21 வரை ஆஸ்திரேலியாவில் 73 இறப்புகள் என்று சொல்ல, அந்த நாடு முழுவதுமே அதுவரை பதிவானது 67தான்! தரவு கொடுத்த சர்ஜிஸ்பியர் நிறுவனம் மூலத் தரவைக் காட்ட மறுத்தது, நான்கு ஆசிரியர்களில் மூவர் ஜூன் 4 அன்று கட்டுரையைத் திரும்பப் பெற்றார்கள். (மருந்து பலன் தரும் என்று இதற்கு அர்த்தமில்லை. பிற்பாடு நடந்த முறையான சோதனைகளிலும் அது கொரோனாவுக்குப் பலன் தரவில்லை.)

சரி, இம்பாக்ட் ஃபேக்டர்? முந்தைய இரண்டு ஆண்டுகளில் ஓர் இதழில் வந்த கட்டுரைகள் சராசரியாக எத்தனை முறை மேற்கோள் காட்டப்பட்டன என்ற கணக்கு, அவ்வளவுதான். நாலைந்து கட்டுரைகள் ஏராளமாக மேற்கோள் வாங்கினாலே சராசரி ஏறிவிடும், பக்கத்தில் இருக்கும் கட்டுரையின் தரவு சரியா என்று அந்த எண்ணுக்குத் தெரியாது. கட்டுரையை மதிப்பிடுபவர்களும் பெரும்பாலும் மூலத் தரவைப் பார்ப்பதில்லை.

யாராவது இதழின் பெயரை மட்டும் காட்டினால், தரவு எங்கே, வேறு குழுவுக்கும் அதே முடிவு கிடைத்ததா என்று கேளுங்கள்.